நடுவில் குனிந்து நிற்பவளுக்கு

என் பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நான் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நிற்கும்போது நீ குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாய்: "அம்மா, நான் போகவா, விடவா? நீங்கள் சொல்லுங்கோ." நான் தாச்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போறதெண்டால் உந்தக் குப்பைப் பையையும் கொண்டு போ" என்றேன். நீ சிரித்தாய். பையைத் தூக்கிக்கொண்டு போனாய். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. எண்ணெய் கொதிக்கிற நேரத்தில் கேட்டால் ஒரு மனுசி என்னத்தைச் சொல்லுவாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். சரிவரவில்லை. அதுதான் இப்போது கடிதம் எழுத இருக்கிறேன்.

போனில் குரலாக அனுப்பச் சொல்லி அப்பா சொன்னார். குரலில் சொன்னால் நான் பகிடி விட்டுவிடுவேன் என்று உனக்கும் தெரியும். எழுதினால் எழுத்தைத் தேடவே எனக்கு நேரம் போய்விடும், பகிடிக்கு இடம் குறைவு. எனக்குப் பள்ளிக்கூடம் பாதியில் போனது, உனக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு பாதியில் போனது. நான் எழுத்துக்கூட்டி எழுதுவேன், நீ எழுத்துக்கூட்டி வாசி. நீ வாசித்து முடித்த பிறகு இதை எங்கள் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். கோயிலிலும் வேலையிலும் ஒவ்வொருவராக என்னை மறித்து, "உங்கட மகள் என்னவோ விளையாட அமெரிக்கா போறாளாமே" என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வாய் ஒன்றுதான் இருக்கிறது.

அதனால் மற்றவர்களுக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறேன். நீ விளையாடுவது தலைக்கவசம் போட்டு, தோளில் பலகை மாதிரிக் கவசம் கட்டி, ஆளை ஆள் மோதி விழுத்துகிற பந்தாட்டம். ஆண்கள் அதை விளையாடிக் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்கள். பெண்கள் இவ்வளவு காலமும் தங்கள் காசைக் கொடுத்துத்தான் விளையாடினார்கள். உடுப்பும் தங்கள் செலவு, பஸ்ஸும் தங்கள் செலவு. இப்போது எல்லைக்கு அந்தப்பக்கம் புதிதாகத் தொடங்குகிற ஆட்டத்தில் பெண்களுக்கும் சம்பளம் கொடுக்கப்போகிறார்களாம். சம்பளம் என்று சத்தமாகச் சொல்ல வெட்கமான சம்பளம்தான், என்றாலும் சம்பளம். அதில் ஆடப்போகிற ஒரு ரீம் உன்னைப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறது. பயிற்சி முடியத்தான் ஆட்களைத் தெரிவுசெய்வார்கள். தெரிவாகாதவர்கள் வீட்டுக்கு வரவேண்டும். மார்க்கம் நகரத்தில் இருக்கிற உன்னுடைய அலுவலகமோ, அவ்வளவு நாள் லீவு தரமாட்டோம், இருக்கிறதா விடுகிறதா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லு என்கிறது. எங்கள் ஆட்களில் ஒரு பெண்பிள்ளை இதற்கு முன்னர் சம்பளத்துக்கு மோதப் போனதாக நான் கேள்விப்படவில்லை. உனக்கு முப்பது தாண்டிவிட்டது. இடது முழங்கால் மாரி காலத்தில் முனகுகிறது. இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் என்னிடம் வந்து கேட்டாய், நான் குப்பையைக் காட்டினேன்.

நீ பிறந்த அன்றைக்கு நேர்ஸ் உன்னை இரண்டு கையாலும் தூக்கி, "பிக் கேர்ள்" என்றாள். எனக்கு அப்போது தெரிந்த ஆங்கிலத்துக்கு அது விளங்கியது. அன்றைக்குத் தொடங்கி எல்லாரும் அதையேதான் சொன்னார்கள், மொழிதான் வேறு. கலியாண வீடுகளில் பெரிய மாமி உன் தோளைப் பிடித்துப் பார்த்து, "கொஞ்சம் இளைச்சாளெண்டால் வடிவாய் இருப்பாள்" என்பா. அப்பாவின் அக்கா அல்லவா, நான் திருப்பி ஒன்றும் சொல்லமுடியாது. ஆனால் நான் சும்மாவும் இருக்கவில்லை. சாறிச் சட்டை தைக்கிற அன்ரி உனக்கு அளவெடுத்தபோது, "ரெண்டு பிள்ளையளுக்குத் தைக்கிறதாய் நினைச்சுத் தையுங்கோ" என்று சொன்னவள் நான்தான். கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பும் போன ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு மாதிரித்தான் இருந்திருக்கும். அன்றைக்கு எனக்கு மற்றவர்களுடைய சிரிப்புத்தான் கேட்டது.

பிறகு ஒருநாள், "பந்து விளையாடப் போறன்" என்றாய். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் பந்து விளையாடினால் அது வலைப்பந்துதான். நானும் அப்படியே நினைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொல்லிவிட்டேன். உன் முதல் ஆட்டத்துக்கு மடக்குக் கதிரையும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டு நானும் அப்பாவும் வந்து இருந்தோம். அப்பா மைதானத்தை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்த்துவிட்டு, "இஞ்சாரும், வலையைக் காணேல்லை" என்றார். "இனித்தான் கட்டுவினம் போல" என்றேன். வலை கட்ட ஒருவரும் வரவில்லை. இரும்புத் தொப்பியோடு ஒரு பட்டாளம்தான் வந்தது. அதில் எது என் பிள்ளை என்று தேடி, நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

நீ நடுவில் போய்க் குனிந்து நின்றாய். எல்லாரும் நிமிர்ந்து நிற்க நீ மட்டும் தரையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி எங்களுக்குப் பட்டது. "உவள் ஏன் குனிஞ்சு கொண்டு நிக்கிறாள்? ஏதும் விழுந்திட்டுதோ?" என்று அப்பா பதறினார். "காதுத்தோட்டைத் துலைச்சிட்டாளாக்கும். உவளுக்கு ரெண்டு பவுணிலை தோடு செய்து குடுத்த ஆளைச் சொல்லவேணும்" என்றேன். அதற்குள் நீ பந்தைக் காலுக்கிடையால் பின்னுக்குத் தள்ளினாய். அடுத்த கணம் உனக்கு முன்னால் நின்ற மலை உன்மேல் விழுந்தது. பந்து பின்னால் நின்ற பிள்ளையிடம் போய், அவள் எறிந்து, இன்னொருத்தி பிடித்துக்கொண்டு ஓடினாள். சனம் எழும்பி நின்று கைதட்டியது, ஓடினவளுக்கு. நீ புல்லுக்குள்ளிருந்து எழும்பி, திரும்பவும் போய்க் குனிந்து நின்றாய். ஆட்டம் முழுக்க இதுதான்.

வீட்டுக்கு வரும்போது நான் கேட்டேன்: "ஏன் பிள்ளை, பந்து முதல் உன்ரை கையிலை தானே இருக்குது? ஒருக்கா நீ தூக்கிக்கொண்டு ஓடன். எங்களுக்கும் கைதட்ட ஆசையிராதே?"

"அம்மா, தட்ஸ் நொட் மை ஜொப்."

"அப்ப உன்ரை வேலை என்ன?"

"பந்தைக் குடுக்கிறது. பேந்து ஒருத்தரும் அவளிட்டைப் போகாமல் பாக்கிறது."

"உதுக்கு ஏன் காசு கட்டி விளையாடுறாய்? வீட்டிலை நான் சும்மா செய்யிற வேலை" என்றேன். அப்பா வாகனத்தை ஓரமாக நிற்பாட்டிவிட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் உன் கோச்சைச் சந்தித்தேன். பஸ் காசு சேர்க்க ரோல்ஸ் விற்ற நாள் அது. மட்டன் ரோல்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனுசி என்னிடம் நீளமாக என்னவோ சொன்னா. நீ மொழிபெயர்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "என்ன சொல்லுறா?" என்று நான் உலுக்கின பிறகு, நீ மெல்லிய குரலில் சொன்னாய்: "ஒரு இறாத்தலும் குறையக் கூடாதாம். அப்பிடியே இருக்கட்டாமாம்." மகளே, நீ பிறந்து அவ்வளவு காலத்தில் உன் உடம்பைப் பார்த்து அப்படியே இருக்கட்டும் என்று சொன்ன முதல் மனுசி அவ. அதைச் சொன்னவள் நானாக இருக்கவில்லை. நான் அந்தக் கோச்சுக்கு இன்னும் ஆறு ரோல்ஸ் கட்டிக் கொடுத்தேன். 

அந்த மாரியில் மைதானமெல்லாம் பனி. நீ எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்குப் பந்தோடு இறங்கினாய். பந்தைப் பிடிக்க ஆள் வேண்டும், அப்பாவுக்கோ பிறம்ரனில் பண்டசாலை வேலை, பின்னேரம்தான் போவார். ஆகவே குளிர்க் கோட்டோடு உனக்குப் பின்னால் நின்றவள் நான். முதல் பந்து நெஞ்சில் பட்டது. இரண்டாவது, பக்கத்து வீட்டுக்காரரின் காரில் பட்டது. காவலுக்கு நின்ற தமிழ்நாட்டுத் தம்பி ஓடி வந்தார். "என்னம்மா இது, இந்த வயசுல பால் விளையாடுறீங்க? கம்ப்ளெயின்ட் வந்துடும்மா."

"தம்பி, நான் விளையாடேல்லை. என்னை வைச்சு விளையாடுகினம்" என்றேன்.

அவர் போகிற வழியாக இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மூலையில் கார் இல்லாத இடத்தைக் காட்டிவிட்டுப் போனார். அந்த மூலையில் நீ குனிந்து நிற்க, உன் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் நான் இந்த ஆட்டத்தைப் படித்தேன். நீ திரும்பிப் பார்க்காமல் தள்ளுகிற பந்து ஒவ்வொரு முறையும் என் வயிற்றுக்கு நேரே வந்தது. நான் கையை விரித்து வைத்திருந்தால் போதும், பந்து தானே வந்து இருந்தது.

இனிக் குங்குமக் கதை. இதை நீ ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றாய். நான் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், ஆகவே இங்கேயும் எழுதலாம். அது அரையிறுதி ஆட்டம், அதில் வென்றால் கடைசி ஆட்டத்துக்குப் போகலாம். காலையில் கோயிலுக்குப் போய் உன் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தேன். மைதானத்துக்கு வந்து, நீ தலைக்கவசம் போடுவதற்கு முன் உன்னை மறித்து நெற்றியில் குங்குமம் வைத்தேன். "அம்மா, லேற் ஆகுது" என்றாய். "கடவுளுக்கு லேற் இல்லை" என்று, சின்னப் பொட்டாக வைக்கவேண்டியதை நல்லாக அப்பிவிட்டேன். பெரிய ஆட்டம் அல்லவா. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம். உங்கள் பக்கம் முன்னுக்கு நின்றது. நீ குனிந்தாய். திடீரென்று நடுவர் விசில் ஊதிக்கொண்டு உன்னிடம் ஓடினார். உன் கவசத்துக்குள்ளிருந்து மூக்கு வழியாக, வாய் வழியாக, நாடியிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சிவப்பு வழிந்துகொண்டிருந்தது. இரத்தம் வந்தால் ஆளை வெளியே எடுக்கவேண்டும் என்பது சட்டம். நீ கையைக் கையை ஆட்டி என்னவோ சொன்னாய். அவர் கேட்கவில்லை. மருந்துப் பெட்டியோடு ஒரு பெண் ஓடிவந்து உன் தலையில் காயம் தேடினாள், நான் கதிரையிலிருந்து எழும்பி, "அது நான் வைச்சது! அது நான் வைச்சது!" என்று தமிழில் கத்தினேன். ரொறன்ரோவில் எங்கே நின்று கத்தினாலும் தமிழ் விளங்குகிற ஒரு ஆள் நிற்கும். அன்றைக்கு அந்த மைதானத்தில் அப்பா மட்டும்தான் நின்றார். அவர், "இரும், இரும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

உன் இடத்தில் வேறொரு பிள்ளையை விட்டார்கள். பாவம், அவசரம் அவசரமாகக் குனிந்தாள். அவள் தள்ளின பந்து, பின்னால் நின்றவளின் தலைக்கு மேலால் பறந்து எங்கேயோ போய் விழுந்தது. மற்றப் பக்கத்துக்காரர் அதன்மேல் விழுந்து படுத்தார்கள். பிறகு நீங்கள் தோற்றதை நான் விபரமாக எழுதத் தேவையில்லை. நீ துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் புத்தியில் ஏறியது. உனக்கு ஒருவரும் கைதட்டாத காரணம் உன் வேலை சின்ன வேலை என்பதில்லை. அது பிழைக்கும்வரைக்கும் ஒருவர் கண்ணுக்கும் தெரியாத வேலை.

வீட்டுக்கு வரும் வழியில் நீ கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஒரு பகிடியும் விடவில்லை, அதைப் பார்த்துத்தான் அப்பா பயந்துபோனார். ரெக்ஸ்டேலுக்குத் திரும்புகிற இடத்தில் சிவப்பு விளக்கு. அப்பா, "கோப்பி குடிப்பமோ?" என்றார். நீ, "அம்மாக்கு வேண்டாம், கோப்பிக்குள்ளையும் எதையாவது போட்டிடுவா" என்றாய். பிறகு நீ சிரிக்கத் தொடங்கினாய், முழுச் சிரிப்பு. நான்தான் அழுதேன். நீ பின்னாலிருந்து என் தோளைத் தட்டிச் சொன்னாய்: "வைச்சது பிழையில்லை அம்மா. வைச்ச இடம்தான் பிழை. இனிப் பிடரியிலை வையுங்கோ. அங்கை ஒருத்தருக்கும் தெரியாது." அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உன் கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிடரியில்தான் வைத்தேன். சின்னதாக.

சரி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அப்பா முதலில் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும்: நிரந்தர வேலை, பல்லுக்கும் மருந்துக்கும் காப்புறுதி, ஆர் உதெல்லாத்தையும் விட்டிட்டுப் போவான். அவர் சொன்னதில் பிழையில்லை. நானும் நிரந்தரம் என்ற அந்தச் சொல்லை நம்பினவள்தான். விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் நான் எத்தனை வருசம் நின்றேன் என்று உனக்குத் தெரியும். நிரந்தரம் என்று அட்டை கொடுத்தார்கள், கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தேன். நோய் வந்து விமானங்கள் நின்ற காலத்தில் எங்கள் எல்லாரையும் ஒரே காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சண்டை பிடிக்கக்கூட ஆள் இல்லை. முதலாளிக்கும் விமானம் இல்லை, என்ன செய்வான். திரும்பக் கூப்பிட்டபோது போனேன், இப்போதும் போகிறேன், நல்ல வேலைதான். ஆனால் நிரந்தரம் என்பது ஒரு அட்டை என்று தெரிந்துகொண்டு போகிறேன். உன் மார்க்கம் வேலை மாதிரி இன்னொரு வேலை உனக்குக் கிடைக்கும், படித்த பிள்ளை நீ, அலைந்தென்றாலும் எடுப்பாய். அந்தப் பயிற்சிக்கு இன்னொருமுறை கூப்பிடமாட்டார்கள். உன் முழங்கால் அதுவரைக்கும் காத்திருக்காது.

அங்கே சட்டம் வேறு என்றும் சொன்னாய். இங்கே உனக்கும் முன்னால் நிற்கிறவளுக்கும் நடுவில் ஒரு கையை நீட்டுகிற அளவு இடைவெளி விடுவார்களாம், அங்கே ஒரு பந்தின் நீளம்தானாம். மூக்குக்கு மூக்கு. அதை நீ சொன்னபோது எனக்கு அது பிடிக்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதைச் சொல்லும்போது நீ குசினி மேசையில் இரண்டு கையாலும் அந்தத் தூரத்தைக் காட்டினாய். உன் கண் எரிந்துகொண்டிருந்தது. மார்க்கம் வேலையைப் பற்றிக் கதைக்கும்போது உனக்கு அப்படிக் கண் எரிந்து நான் பார்க்கவில்லை.

நீ அடிபடுவதற்குப் பயப்படுகிற ஆளில்லை. நீ பயப்படுவது வேறு ஒன்றுக்கு, அதை நான் இந்தக் கிழமை முழுக்க சாப்பாட்டுத் தட்டுகளைக் கட்டக் கட்ட யோசித்துக் கண்டுபிடித்தேன். தெரிவாகாமல் பையோடு திரும்பி வந்தால் பெரிய மாமி என்ன சொல்லுவா என்பதுகூட இல்லை. நான் என்ன சொல்லுவேன் என்பது. சட்டைக் கதை மாதிரி, காதுத்தோட்டுக் கதை மாதிரி, அதையும் நான் கோயில் வாசலில் நின்று பகிடியாகச் சொல்லுவேன், சனம் சிரிக்கும், நீயும் நின்று பாதிச் சிரிப்புச் சிரிக்கவேண்டும். அதுதானே? உன்னை எனக்குத் தெரியும், என்னையும் உனக்குத் தெரியும்.

ஆகவே இதை எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதிக் கொடுக்கிறேன், பிறகு நான் மாறமுடியாது. நீ தெரிவாகாமல் வந்தால், ஒரு கிழமைக்கு நான் அதைப்பற்றி வாயே திறக்கமாட்டேன். ஒரு கிழமைக்கு மேல் என்னால் முடியாது, செத்துப்போவேன். அந்தக் கிழமை முடிய நீ முதலில் ஒரு பகிடி சொல்லு. அதுக்குப் பிறகுதான் நான் சொல்லுவேன். உன் உடம்பைப் பற்றி இனி ஒன்றும் சொல்லமாட்டேன், அதற்குக் கிழமைக் கணக்கு இல்லை. பெரிய மாமி கேட்டால், ஒரு இறாத்தலும் குறையக்கூடாதாம், சம்பளம் அதுக்குத்தானாம் என்று சொல்லப்போகிறேன். அவவின் முகத்தைப் பார்க்கவே எனக்கு ஆவலாக இருக்கிறது.

நேற்று அப்பா காருக்கு எண்ணெய் மாற்றி, ரயரையும் உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கை பயணம்?" என்று கேட்டேன். "கார் பழசு. முதல் ஆட்டத்துக்குப் போறதெண்டால் போடர் கடக்கவேணும்" என்றார். "அவள் போறாளெண்டு ஆர் சொன்னது?" என்றேன். "நீர்தான் இன்னும் சொல்லேல்லை" என்றார். அந்த மனுசன் எப்பவாவது ஒருமுறைதான் என்னை வெல்லுவார், இதில் வென்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மார்க்கத்துக்குப் போய், கைகுலுக்கி, நன்றி சொல்லிவிட்டு வா. சண்டை பிடித்துக்கொண்டு வராதே, நல்ல மனிதர்கள். உன் பைக்குள் சின்னச் சிமிழில் குங்குமம் வைத்திருக்கிறேன். பிடரியில் தனக்குத்தானே ஒருவரும் வைக்கமுடியாது, நான் கண்ணாடிக்கு முன்னால் முயன்று பார்த்தேன், முதுகெல்லாம் சிவப்பு. உனக்குப் பின்னால் நின்று பந்து வாங்குகிற பிள்ளை ஆராக இருந்தாலும் அவளிடம் கொடு. அவளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த இடத்தில் நின்றவள் நான், எனக்குத் தெரியும். கையை விரித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு முன்னால் நிற்கிற முதுகுதான் எல்லாம். சின்னதாக வைக்கச் சொல்லு. மழை வரும்.

குப்பைப் பையை இனி நானே கொண்டுபோய்ப் போடுகிறேன்.

அம்மா